ஏற்கெனவே யாரெல்லாம் இருக்காவ

வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி
மைதீன் பிச்சையின் மீன் கடை.
விலை கேட்டால் சொல்லமாட்டார்.
"தொட்டியில ஏற்கெனவே யாரெல்லாம் இருக்காவ?"

ஒரு ஜோடி கோமாளி மீன்.
பார்வை மங்கிய ஒரு இறால்,
ராவும் பகலும் மணலைத் தோண்டிக்கொண்டிருப்பது.
அப்புறம் ஒரு நீல டேம்சல், என்றேன்.

டேம்சல் என்றதும் கணக்கு நோட்டை மூடினார்.
"அத எவன் உங்களுக்குக் கொடுத்தான்?"
நீங்கதான் அண்ணாச்சி.
பதிலுக்கு ஒரு தும்மல்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
டயாலிசிஸ் மெஷின்களோடு எனக்கு வேலை.
எந்த உப்பு எந்த நீரில் எவ்வளவு
என்பதில் கை தப்பாது.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்,
ஒரு ராத்திரி முழுக்க மோட்டார் ஓட,
புன்னைக்காயலில் தானாகக் கடல் ஆகியிருக்கும் தாமிரபரணியை
பெருமாள்புரம் மாடியில்
வாளி வாளியாக நான் முன்கூட்டியே ஆக்குகிறேன்.
அது சுலபம்.
அதில் யாரை யாரோடு விடுவது என்பதுதான்.

அந்த மஞ்சள் டேங்?
"அதுக்கு நீஞ்ச பைபாஸ் ரோடு வேணும்,
ஒங்க தொட்டி முடுக்கு."
வண்ணத்துப்பூச்சி மீன்?
"பவளத்த மிக்சர் மாதிரி கொறிச்சிரும்."
பட்டுச்சேலை உடுத்தியது போல் அந்த மாண்டரின்?
"ஆறு மாசத் தொட்டில அதுக்குத் தீனி கிடையாது.
அழகாப் பட்டினி கெடக்கும்."
சிங்க மீனை நான் கேட்கவில்லை.
தன் வாய்க்குள் அடங்குகிற எல்லாரையும்
அது மெதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன தின்னும், எங்கே தூங்கும்,
கோபம் வந்தால் யாரை விரட்டும்,
பயந்தால் வெளியே குதிக்குமா.
ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார்.

போன வைகாசியில் நானும் சங்கரலிங்கமும்
பதினோரு வீடு பார்த்தோம்.
"ஜெபக்கனி, சங்கரலிங்கம்...
பேரு ரெண்டும் ரெண்டு தினுசால்லா இருக்கு?"
"நீங்க எந்த ஆளுவ?"
ஏழாவது வீட்டில் காப்பி தந்தார்கள்,
டம்ளர் காலியாவதற்குள்
ஆதார் அட்டைகளையும் திருப்பித் தந்தார்கள்.
நைட் ஷிப்ட் உண்டா, சத்தமாகச் சண்டை போடுவீர்களா,
மோட்டாரை மறக்காமல் நிறுத்துவீர்களா,
எவரும் கேட்கவில்லை.
பன்னிரண்டாவது வீட்டுக்காரர்தான்
மாடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:
"தொட்டி எத்தன லிட்டரு? தளம் தாங்குமா?"
அட்வான்ஸை அங்கேயே எண்ணிக் கொடுத்தான் சங்கரலிங்கம்.

"கோபி கொண்டுபோங்க," என்றார் மைதீன் பிச்சை.
உதட்டைப் பிதுக்கிய, மண் நிறத்துச் சின்ன மீன்.
மூன்று மாதமாக என் கண்ணில் பட்டதே இல்லை.
"இறாலுக்கு இதுதான் கண்ணு.
ஆனா டேம்சல மொதல்ல எடுங்க.
எடுத்துட்டு, பாறையெல்லாம் இடம் மாத்தி வைங்க.
என் எடம்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது."

தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செய்த பொறியோடு
சங்கரலிங்கம் மூன்று ராத்திரி உட்கார்ந்தான்.
இரண்டாம் நாள் கரண்ட் போனது,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தான்.
மாட்டியபோது டேம்சல் இன்னும் நீலமாக இருந்தது.
பாலிதீன் பையில் அதைக் கடைக்குத் திருப்பும்போது
எனக்கு அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாறைகளை மாற்றினேன்.
கோமாளிகள் தெரு மறந்தவை போல் ஒரு மூலையில் நின்றன.
விளக்கை அணைத்துவிட்டு கோபியை விட்டேன்.
முதல் நாள் காணோம். மறுநாளும் காணோம்.
மூன்றாம் நாள் டியூட்டி முடிந்து வந்து
காலணியைக் கழற்றாமல் குனிந்தேன்:
புதுக்குழி.
வாசலில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அது.
உள்ளே இருந்து வாரி வாரி மணலைக் கொட்டியபடி இறால்,
ஒரு மீசையை மட்டும் நீட்டி
அதன் வாலில் வைத்திருக்கிறது.

"வந்துட்டா?" என்றான் சமையலறையிலிருந்து.
சத்தமாப் பேசாதே, என்றேன்.